"பிரதர்" என்றால் யார்?



நம் கோயில் முற்றத்தில் "பிரதர்!" என்று கூப்பிட்டால் சில வேளைகளில் இருவர் திரும்பிப் பார்ப்பர். ஒருவர் விடுமுறைக்கு வந்திருக்கும் குருமட மாணவர். மற்றவர் குருப்பட்டத்தை நாடாமல், கற்பு, தரித்திரம், கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு ஆயுள் முழுதும் துறவியாய் வாழும் சபைச் சகோதரர். முன்னவருக்கு அப்பெயர் வழிச்சத்திரம். பின்னவருக்கோ அதுவே சொந்த வீடு. இவ்வேற்றுமை தெரியாமல், தலை நரைத்த சகோதரரிடம் "பட்டம் எப்போது, பிரதர்?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர் சிரித்துக்கொள்வார். ஆனால், "போயும் போயும் பூசை வைக்காத பிரதராகவா போகிறாய்?" என்று பெற்ற மகனையே தடுக்கும் தாய் தந்தையரும் இருக்கிறார்களே, அதற்குச் சிரிக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் அச்சொல் மூத்தவனா இளையவனா என்று சொல்லாது. நமக்கோ அண்ணன் வேறு, தம்பி வேறு. பெரியப்பா மகனும் அண்ணனே. (வேதாகமத்தின் எபிரேய வழக்கும் இவ்விஷயத்தில் நம்மோடு சேர்ந்ததுதான். ஆபிரகாம் தம் சகோதரன் மகனான லோத்தைச் சகோதரன் என்றே அழைக்கிறார். "ஆண்டவரின் சகோதரர்" என்ற சொல்லைக் காட்டி யாராவது மாதாவைப் பற்றித் தர்க்கம் செய்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.) நம் ஆண்டவர் தம் சீஷர்களுக்குப் போதகர் ஒருவரே என்றும், அவர்கள் யாவரும் சகோதரர் என்றும் சொன்னபோது, மூப்பு இளமை பார்க்கவில்லை.

அர்ச். தெ லா சால் அருளப்பர் தாமே குருவாயிருந்தும், 17-ம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து ஏழைப் பிள்ளைகளுக்காக நிறுவிய சபையில் எவரும் குருவாகலாகாதென்று ஒழுங்கு செய்தார். பீடத்தில் ஒரு காலும் பள்ளியில் ஒரு காலுமாய் இராமல், முழு மனிதனாய்ப் பிள்ளைகளிடம் இருக்க வேண்டுமென்பதே நோக்கம். 1950-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

கானடாவின் சகோதரர் அந்திரேயாஸ் பெசெத் கதையோ இன்னும் எளியது. படிப்பு மிகக் குறைவு, உடலோ நோஞ்சான். சபையாரே சேர்த்துக்கொள்ளத் தயங்கினர். மோன்றியால் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஏறக்குறைய 40 வருடம் வாசல் காத்தார், தரை கழுவினார், மாணவருக்கு முடி வெட்டி, தலைக்கு ஐந்து காசு வாங்கிச் சேர்த்து, அர்ச். சூசையப்பருக்கு மலைமேல் ஒரு சிறு கோயில் எழுப்ப உதவினார். வியாதியஸ்தர் அவரைத் தேடி வந்தவண்ணமிருந்தனர். 1937 ஜனவரியில் அவர் மரித்தபோது, கடுங்குளிரிலும் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். 2010-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டரென்று அறிவித்தது. ஒரு நாளும் அவர் பூசை வைத்ததில்லை.

தேவ அழைத்தலைப் பற்றி என்னிடம் பேச விரும்பும் பையன்கள், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பெற்றோருடன் அறைவீட்டுக்கு வரலாம். "குருவாகத்தானே?" என்று நான் கேட்கப் போவதில்லை, வீட்டாரும் வழியில் கேட்க வேண்டாம்.