ஒருவருக்காகவே ஒரு மருந்து



தடுப்பூசி என்றதும் நோய் வருமுன் காப்பது என்றே எண்ணுகிறோம். ஆனால், புற்றுநோய் வந்துவிட்டவரைக் குணமாக்கவும் தடுப்பூசியைப் பயன்படுத்தும் முயற்சி இன்று நடைபெறுகின்றது. கொரோனாக் காலத்தில் உலகம் அறிந்த எம்.ஆர்.என்.ஏ. முறையே இதற்கும் அடிப்படை. அம்முறைக்கு வழிதிறந்த கத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் இருவரும் 2023ல் நோபல் பரிசு பெற்றனர்.

நோயாளியின் கட்டியில் ஒரு பகுதியை எடுத்து, அவருடைய நலமான கலங்களோடு ஒப்பிட்டு, புற்றுக்கலங்களில் மட்டும் உள்ள மாற்றங்களைக் கண்டறிகிறார்கள். 'இவ்வடையாளம் உடையவனே பகைவன்' என்று உடலின் காவற்படைக்குக் கற்பிக்கும் செய்தியை ஊசிமருந்தாக்குகிறார்கள். அம்மாற்றங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவருக்குச் செய்த மருந்து மற்றவருக்குப் பொருந்தாது.

நியூயோர்க்கில் சதையிப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற 16 பேருக்கு, வேறு மருந்துகளோடு, இத்தகைய ஊசி ஏற்றப்பட்டது. 8 பேரின் உடல் அதற்கு இசைந்தது. அவர்களுள் 6 பேருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கடந்தும் நோய் திரும்பவில்லை. இது சிறு சோதனையே. நோயாளிக்கு வீண் வாக்குறுதி அளிக்க இது போதாது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. ஒரேயொருவருக்காக இத்தனை அறிவும் பொருளும் செலவிடுவது முறையா? அதே பணத்தில் பலருக்கு எளிய மருந்துகள் கொடுக்கலாமே என்பர் சிலர். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆயினும், காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச்சென்ற ஆயனைப் போற்றும் நாம், ஒருவருக்காகப் பாடுபடுவதை வீண் என்று சொல்லோம். ஆனால், அந்த ஆயன் ஆட்டின் விலையைப் பார்த்துத் தேடப் புறப்படவில்லை. தேடப்படும் 'ஒருவர்' யார் என்பதைப் பணப்பை தீர்மானிக்குமானால், அங்கேதான் அநீதி தொடங்குகின்றது.

இவ்வறிவு எவ்வாறு கிடைத்தது? மக்களின் வரிப்பணமும் அதில் உண்டு. பலன் கிடைக்குமோ என்று தெரியாமலே தம் உடலைச் சோதனைக்குக் கொடுத்த நோயாளரின் துணிவும் உண்டு. மருந்துக்கு உடல் இசையாத அந்த 8 பேரும் கொடுத்தவர்களே. பலர் ஈந்ததைச் சிலர் மட்டும் அனுபவிப்பது நீதியாகுமா? தனியுடைமை எவருக்கும் கட்டற்ற உரிமையன்று என்று பாப்பரசர் 6ம் சின்னப்பர் 1967ல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். மருந்தின் உரிமைக்கும் இது பொருந்தும்.

இம்மருந்து எல்லாருக்கும் எட்டுவதற்கு நாளாகலாம். எட்டவேண்டும் என்று கேட்பது நம் கடமை. அதுவரை, நம் அயலில் நோயுற்றுக் கிடப்பவரை 'ஒருவர்தானே' என்று எண்ணிக் கடந்து போகாதிருப்போம்.