சங்கற்பமில்லாத ஹிம்சை

வேண்டுமென்று செய்யாத தீங்கும் பாபமாகுமா என்பது பாரத தேசத்தின் மிகப் பழைய விசாரங்களுள் ஒன்று. பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், உடலால் நேரும் செயலே கொடிதென்று நிகண்டர் எனப்பட்ட சமணர் தரப்பும், மனத்தால் நேரும் செயலே கொடிதென்று புத்தர் தரப்பும் வாதிட, நிகண்டருக்காக வாதாட வந்த உபாலி என்னும் இல்லறத்தான் இறுதியில் புத்தரையே சரணடைகிறான். அவனுடைய ஐயம் அன்று தீர்ந்திருக்கலாம். என்னுடையது தீரவில்லை, அதற்குக் காரணம் சில மீன்கள்.

இங்கிலாந்தில் சூசன் ஜோப்லிங், ஜான் சம்ப்டர் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே ஓடும் நதிகளில் வாழ்ந்த ரோச் என்னும் மீனினத்தின் ஆண்களில் பலவற்றுக்கு, விந்தகத்துக்குள்ளேயே முட்டைகள் வளர்ந்திருந்தன. இதற்குக் காரணமாயிருந்த பொருள்களுள் கருத்தடை மாத்திரையின் எச்சம் ஒன்று. ஆனால் மாத்திரையை எந்நாளும் தொட்டிராத பெண்ணின் சரீரம் இயற்கையாகவே கழிக்கும் ஹார்மோனும் அவற்றுள் ஒன்று என்பதைப் படித்தபோது, உயிரோடிருப்பதே ஹிம்சையில் பங்கு கொள்வதாகும் என்று அஞ்சி, அடி பெயர்க்கும் முன் தரையை மயிற்பீலியால் வருடிச் சென்ற சமண முனிவர்களின் அச்சம் எனக்கு முதன்முதலாக விளங்கிற்று.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 260 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட சிற்றேரி ஒன்றில், கேரன் கிட் அம்மையாரும் சகாக்களும் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், அம்மாத்திரையிலுள்ள எதினைல் எஸ்ட்ராடியோலை, லிட்டர் ஒன்றுக்கு ஐந்தாறு நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி அவற்றில் ஐந்தாறு கூறு இருக்கும்படி கலந்தனர். ஆண் மீன்களின் உடலில் முட்டைக் கருவுக்குரிய புரதம் சுரந்தது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறு மீனினம் அநேகமாக அற்றே போயிற்று. அதை இரையாகக் கொண்ட பெரிய மீன்களும் நலிந்தன.

சங்கற்பமே கர்மம் என்ற புத்தர் தரப்பின் அளவுகோலை அப்படியே கையாண்டால், விளைவை எதிர்பார்த்தே மருந்தைக் கலந்த இவ்விஞ்ஞானிகள் பாபிகளாகவும், ஆயிரம் நதிகளில் அதையே ஊற்றிவரும் நகரங்கள் நிரபராதிகளாகவும் ஆகிவிடும். இதை என் நெஞ்சு ஏற்க மறுக்கிறது. மின்னோ மீனுக்கு இவ்விரண்டு ஜலத்துக்கும் பேதமில்லை. மேலும் அந்த ஏரியில் நிகழ்ந்ததை அறிந்துகொண்ட பிறகு, நகரங்களின் அறியாமை முன்போல் தூயதாயிருக்க முடியாது. ஒரு சிற்றேரியின் துன்பத்தால் பெற்ற ஞானத்தை வீணாக்குவதே, அத்துன்பத்தை விளைத்ததைவிடக் கொடிது என்று கருதுகிறேன். மருந்தை நிறுத்திய சில ஆண்டுகளில் ஏரியில் மின்னோக்கள் மீண்டும் பெருகின. நதிகளிலோ ஊற்றுவது நிற்கவில்லை, மனிதர் வாழும்வரை நிற்கவும் நிற்காது.

சமணர் குடிநீரைத் துணியால் வடிகட்டி, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, நீர் எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடுவர். நானோகிராமைத் தடுக்கும் துணி இல்லை. எனினும் ஓசோனும் கரித்தூளும் அதில் பெரும்பகுதியை அகற்றவல்லவை. 2016இல் ஸ்விட்ஸர்லாந்து தேசம் தன் கழிவுநீர் நிலையங்களுள் முக்கியமானவற்றில் இத்தகைய முறைகளை அமைக்கச் செய்யும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் செலவுக்காக, நிலையங்களோடு இணைந்த குடிமக்களில் தலைக்கு ஆண்டொன்றுக்கு 9 பிராங்குக்கு மிகாத தீர்வை வாங்குகிறது.