பூநாரைக்குப் பக்கத்தில்

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தால் கோடியக்கரைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பூநாரை வந்தாச்சா?" வேதாரண்யத்துக்குத் தெற்கே காடும் உப்பளமும் சதுப்பும் கடலுமாகக் கிடக்கிற முனை இது. 1967-இல் சரணாலயம் ஆனது; 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் பூநாரை தெரியாவிட்டால் "ஒண்ணுமே இல்ல சார்" என்று வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

பூநாரை அழகுதான், மறுக்கவில்லை. அது சாப்பிடுவதைப் பைனாகுலரில் பார்க்கவேண்டும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகோரத்துச் சல்லடையில் புழுவும் பாசியும் தங்கிவிடும். அந்த இளஞ்சிவப்பே தின்ற தீனி தந்த நிறம்தான். குஞ்சாக இருக்கும்போது வெறும் சாம்பல்.

பார்த்தாயிற்றா? இனி பைனாகுலரைக் கரையோரச் சேற்றுக்குத் திருப்புங்கள். பழுப்பாக என்னவோ ஓடும். கொசு உள்ளான்! எடை முப்பது கிராம் இருந்தால் அதிகம். தையல் மிஷின் ஊசி மாதிரி விடாமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். சைபீரியாவின் வடகோடிப் பனிச்சமவெளியில் பிறந்தது இங்கே வந்து இரை பொறுக்குகிறது. கூடவே மேயும் வளைமூக்கு உள்ளானும் அந்தப் பக்கத்துப் பறவைதான். அதில் பெற்றவை முன்னதாகவே கிளம்பிவிடும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல் பின்னால் வந்து சேரும். பூநாரையைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்தே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை கட்டிப் பிடித்து, எடை போட்டு, இறக்கை அளந்து, எண் பொறித்த சின்ன உலோக வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். வேறெங்காவது யார் கையிலாவது அது சிக்கினால், வந்த வழி தெரியும்.

சதுப்பில் யாருக்கு எங்கே இடம் என்பதைக் கால்தான் தீர்மானிக்கிறது. ஆழத்தில் பூநாரை, சற்று மேட்டில் பவளக்கால் உள்ளான், ஈரச் சேற்றில் கொசு உள்ளான். தண்ணீர் அரை அடி ஏறினாலே இந்தச் சின்னதுகளுக்குப் பிழைப்பு இல்லை. சும்மா கிடக்கிற சேறுதானே என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

போகிறவர்கள் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு விடிந்ததுமே போய்விடுங்கள். வெயில் ஏறினால் உப்பளத்தில் கானல் எழும்பிவிடும். அப்புறம் எது உள்ளான், எது மண்ணாங்கட்டி என்று பைனாகுலருக்கும் தெரியாது.