கொழுந்துத் தராசும் கூலிப் பேச்சும்

2025 நவம்பரில் வந்த இலங்கையின் வரவு செலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. 1,350 ரூபாவாக இருந்த அடிப்படைக் கூலியைத் தோட்டக் கம்பனிகள் 1,550 ஆக்க வேண்டும் என்றது. மீதி 200 ரூபாவை வரவு ஊக்கத்தொகையாக அரசாங்கம் தரும் என்றது. கூலி கூடுவது நல்லதுதான். ஆனால் கம்பனியின் மலையில் பறிக்கும் கொழுந்துக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்து கூலி கொடுக்கும் நிலை ஏன் வந்தது? கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் இது. தீராமற் போனதற்குக் கம்பனிகளே பெரும் பொறுப்பு என்று சொல்லியாக வேண்டும்.

நடந்ததைப் பாருங்கள். 1,000 ரூபா அடிப்படைக் கூலி கேட்டு 2018 டிசம்பரில் மலையகமே வேலைநிறுத்தம் செய்தது. 2019 ஜனவரியில் முதலாளிமார் சம்மேளனத்தோடு தொழிற்சங்கங்கள் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் கொடுத்தது 700. அதற்கு முன் அடிப்படை 500, வரவுக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்தி ஊக்கம் 140 என எல்லாம் சேர்ந்து 730 ரூபா. புதிய கணக்கில் 700-உம் விலைப் பங்கு 50-உம், ஆக 750. முழு வேலை செய்தவருக்கு நாளுக்குக் கூடியது இருபது ரூபா! அடிப்படை கூடினால் சேமலாப நிதி கூடும் என்பது மெய்யே. அது முதுமைக்கு உதவும். இன்றைய அரிசிக்கும் மாவுக்கும் உதவாது. இந்த ஒப்பந்தத்தை வெற்றி என்று மேடையில் சொன்ன தலைவர்களுக்கும் பழியில் பங்கு உண்டு.

2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாவை விதித்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகி நீதிமன்றம் போயின. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டம்பரில் அடிப்படை 1,350இல் நின்றது. கடைசியில் இறங்கி வந்தவர் யார்?

கம்பனிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. தேயிலையின் விலையைக் கொழும்பு ஏலம் தீர்மானிக்கிறது, செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகிறது. ஆனால் விளைச்சல் குறைந்த பழஞ்செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்வது கம்பனியின் பொறுப்பு, பறிக்கிறவரின் பொறுப்பல்லவே.

கூலியில் நியாயம் வேண்டும் என்பது புதிய பேச்சல்ல. வள்ளுவர் நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, சான்றோருக்குத் துலாக்கோலை உவமை சொன்னார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மிகையாக வாங்காமலும் குறைவாகக் கொடுக்காமலும் வாழ்ந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார் நபிகள் நாயகம். பிடித்துவைத்த கூலி கடவுளிடம் முறையிடும் என எச்சரிக்கிறது யாக்கோபின் நிருபம். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் மலையக நகரான ஹட்டனில் இவற்றை அறியாதவர் எவர்?

அந்தத் துலாக்கோல் மலையில் எப்படி நிற்கிறது? இடுப்பில் படங்கைக் கட்டி, அட்டைக்கடியோடு மழையில் பறித்துவந்த கொழுந்தை ஒரு பெண் தராசில் வைக்கிறார். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிகிறது. நாளுக்குக் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். கொழும்பில் கூட்டிய கூலியை இந்தத் தராசடியில் குறைத்துவிடலாம். தொகையை மட்டும் பேசுவது பாதிப் பேச்சே.

ஆகவே இனி எழுதும் ஒப்பந்தத்தில் கூலித் தொகைக்குப் பக்கத்திலேயே, நாளுக்கு எத்தனை கிலோ, வறட்சிக் காலத்தில் எத்தனை, நிறுவையில் எவ்வளவு கழிக்கலாம் என்பதும் எழுத்தில் வரவேண்டும். நிறுக்கும்போது தொழிலாளர் தரப்பில் ஒருவர் தராசருகே நிற்கவும் வேண்டும்.