திரும்பிப் போகிறவர்களின் அன்பு

ஆப்பிரிக்காவில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய், அங்குள்ள குழந்தைகளோடு சில வாரங்கள் இருந்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் இப்போது நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். நான் உகாண்டாவில் தன்னார்வப் பணி செய்தவள் என்று தெரிந்ததும், “எப்படிக்கா போறது, யாரைக் கேக்கணும்?” என்று விசாரிப்பார்கள். அந்த ஆசையை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. முகம் தெரியாத பிள்ளைக்காக மனம் இளகுவது நல்ல மனம்தான். ஆனாலும் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: எப்போது திரும்பி வருவதாக உத்தேசம்? போகும்போதே திரும்பும் தேதி பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும். அந்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையிடம் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

நான் போனது தெற்கு உகாண்டாவில் மசாகா பக்கம், விக்டோரியா ஏரிக்கு மேற்கே. எங்கு பார்த்தாலும் வாழைத்தோப்பு, இடையிடையே காப்பி. முதியவர்கள் சிலருக்கு, 1972இல் இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றும்வரை ஊரில் இருந்த இந்தியர் கடைகள் நினைவில் இருந்தன. நானும் கடை வைக்க வந்தவள் என்றே முதலில் எண்ணினார்கள்.

உகாண்டாவின் முதல் எய்ட்ஸ் நோயாளிகள் 1982இல் கண்டறியப்பட்டது இந்த வட்டாரத்தில்தான், ஏரிக்கரையில் கசென்செரோ என்ற மீனவர் ஊரில். பிறகு வந்த ஆண்டுகளில் உழைக்கும் வயதுக்காரர்கள் வரிசையாகச் செத்தார்கள். பகாண்டா மக்கள் இறந்தவர்களைச் சொந்த நிலத்திலேயே புதைப்பவர்கள். ஆகவே வாழைத்தோப்புக்குள் நடந்தால் மகனுடைய சமாதியும் மகளுடைய சமாதியும் அடுத்தடுத்து இருக்கும். பத்தடி தள்ளிப் பாட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகளைப் புதைத்த அந்தக் கையோடு பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டவர்கள் இந்த ஜாஜாக்கள். பாட்டிகளை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். நோரீன் கலீபா என்ற பிசியோதெரபிஸ்ட் 1987இல் கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தார். அதே ஆண்டில், தன்னைப் போலப் பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு, எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணைநிற்கும் டாசோ அமைப்பைத் தொடங்கினார். நோயாளியைத் தொட உறவினரே தயங்கிய காலம் அது. வெளிநாட்டுத் தன்னார்வலர் வந்து இறங்குவதற்கு முன்பே அந்த மண்ணில் யார் எதைச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் எவரும் அங்கே கால் வைக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், ஆப்பிரிக்க அநாதைக் குழந்தை என்றதும் உலகத்தின் கண்ணுக்குத் தெரிவது பாட்டியின் வீடு அல்ல, காப்பகம். காப்பகங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு 2009இல் சொன்னது. பெற்றோர் இருந்தும் பிள்ளை ஏன் அங்கே போகிறது? பசி, பள்ளிச் செலவு. உகாண்டாவில் 1997இலிருந்து தொடக்கக் கல்வி இலவசம் என்பது உண்மைதான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கும் சீருடைக்கும் நோட்டுக்கும் வீட்டிலிருந்துதான் பணம் வர வேண்டும். மூன்று பேரப்பிள்ளைகள் உள்ள பாட்டியிடம், “ஒன்றை நாங்கள் வளர்க்கிறோம், படிக்கவும் வைக்கிறோம்” என்று ஒருவர் சொன்னால் அவரால் எப்படி மறுக்க முடியும்? பார்வையாளர்கள் வர வர நன்கொடை வருகிறது. நன்கொடை நிற்காமல் வர, காட்டுவதற்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். இந்தச் சுழற்சியை நடத்துகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அது சுழல்வதற்குக் கெட்டவர்கள் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

அப்படி ஒரு காப்பகத்துக்கு ஒருமுறை போனேன். வண்டியிலிருந்து இறங்குவதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள், இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள், ஒரு சிறுவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். வருகிறவர்கள் இதைத்தான் பாசம் என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளை புதியவரைக் கண்டால் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். எந்தப் பிள்ளையும் அப்படித்தான். யார் வந்தாலும் கட்டிக்கொள்கிற குழந்தை, இன்னார்தான் நம்மவர் என்று நம்ப முடியாமல்போன குழந்தை. 2000ஆம் ஆண்டு வாக்கில் ருமேனியாவின் புகாரெஸ்டில் தொடங்கிய நீண்ட ஆய்வு, காப்பகக் குழந்தைகளிடம் இந்த நடத்தையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து எழுதியதும் இதைப் பற்றித்தான்: குறுகிய காலத்துக்கு வந்து பாசம் காட்டிவிட்டுப் போகிறவர்கள், ஏற்கெனவே பிரிவைக் கண்ட குழந்தைக்கு மறுபடியும் மறுபடியும் பிரிவைத் தருகிறார்கள். நாம் ஒருமுறைதான் விடைபெறுகிறோம். அந்தச் சிறுவன் மாதாமாதம் ஒருவருக்கு விடைகொடுக்கிறான்.

நல்லெண்ணம் தகுதியின் இடத்தில் போய் உட்காரும்போது என்ன ஆகும் என்பதையும் உகாண்டா பார்த்திருக்கிறது. ஜிஞ்ஜா நகரில் மருத்துவம் படிக்காத ஓர் அமெரிக்க இளம்பெண், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக மையம் நடத்தினார். 2010க்கும் 2015க்கும் இடையில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 105 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு தாய்மார் 2019இல் வழக்குப் போட்டார்கள். தான் மருத்துவராக நடிக்கவில்லை என்று அவர் மறுத்தார். 2020இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவருடைய இரக்கம் பொய் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய சொந்த நாட்டில் எந்தத் தாயும் தன் நோயுற்ற குழந்தையை அவரிடம் ஒப்படைத்திருக்க மாட்டாள். தன் ஊரில் செய்ய அனுமதியில்லாத வேலையை இன்னொருவர் ஊரில் செய்யக்கூடாது. இதில் விவாதிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என்னை மசாகாவுக்கு அழைத்தது குழந்தைகளுக்காக அல்ல, கணக்குக்காக. தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவள் நான். 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் (ஐஃபாட்) நிதியுதவியோடு தமிழக அரசு சுய உதவிக் குழுத் திட்டத்தைத் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, உள்கடன் என்பதெல்லாம் எனக்குப் பழகிய உலகம். மசாகா பெண்களிடம் இருந்தது வேறு வகைக் குழு. 1991இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் ‘கேர்’ அமைப்பு கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து உருவாக்கி, பிறகு ஆப்பிரிக்கா முழுவதும் பரவிய முறை அது. நம் குழுக்கள் வங்கியை நோக்கிப் போகும். அவர்களுடையது வங்கியின் பக்கமே போகாது.

ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு. பெட்டி ஒருவர் வீட்டில். சாவிகள் வேறு மூன்று பேரிடம். நான்கு பேரும் வந்தால்தான் திறக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் உறுப்பினர் ஒரு பங்கிலிருந்து ஐந்து பங்குவரை வாங்கலாம். வாங்கிய பங்குக்குக் கையேட்டில் முத்திரை குத்துவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முத்திரையை எண்ணிக்கொள்ளலாம். சேமிப்பிலிருந்தே கடன். சாவு, நோய் என்றால் தனி நிதி. ஏறத்தாழ ஓராண்டு முடிந்ததும் பெட்டியிலுள்ள அத்தனை பணத்தையும் வட்டியோடு பங்குக்குப் பங்கு பிரித்துக்கொண்டு, காலிப் பெட்டியோடு மறுபடி தொடங்குவார்கள். பெட்டியைப் பூட்டுமுன் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று உரக்கச் சொல்வார்கள். எல்லோரும் அந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறப்பதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கே போகாத ஒரு ஜாஜா கடைசி நூறு ஷில்லிங் வரை பிசகாமல் சொல்வார். தணிக்கைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

குழுத் தலைவி இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்பதால் ஊரே அவரை நலோங்கோ என்று அழைத்தது. தவணை தவறிய கடன்களை எப்படி எழுதுவது, பங்கின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பவைதான் அவர்களுக்குச் சிக்கலாக இருந்தன. அவற்றை நான் கற்றுக்கொடுத்தது நலோங்கோவுக்கோ உறுப்பினர்களுக்கோ அல்ல. எனக்கு மொழிபெயர்க்க வந்த உள்ளூர் ஆசிரியைக்கு. அவர் அவற்றை லுகாண்டா மொழியில் செயலாளருக்கு விளக்கினார். கூட்டத்தில் கடைசி வரிசையில் பாயில் உட்கார்வது என் வழக்கம். யார் என்ன கேட்டாலும் ஆசிரியைதான் பதில் சொன்னார். முதல் கடன்கள் எதற்குப் போயின என்று பேரேட்டைப் பார்த்தால் தெரியும்: பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டுக்கு. காப்பகத்தின் வாசலை ஒரு குழந்தை மிதிக்காமலிருக்க என்ன வேண்டுமோ, அது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

உறுப்பினர் ஒருவரின் பேத்தி, ஏழெட்டு வயதிருக்கும், நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார ஆரம்பித்தாள். வராதே என்று எப்படிச் சொல்வது? அவளுடைய சின்ன அத்தை ஏழாம் வகுப்பில் இருந்தாள். அவளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கூட்டல் கழித்தலை அவளே சொல்லிக்கொடுக்கும்படி விட்டுவிட்டேன். சில நாளில் இருவரும் என் திண்ணைக்கு வராமல் வீட்டிலேயே படித்தார்கள். எனக்குள் ஒரு சின்ன ஏக்கம் இருந்தது. அதை அந்தக் குழந்தையிடம் கொண்டுபோய்த் தீர்த்துக்கொள்ளாமல் இருந்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

“உன் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று நலோங்கோ ஒருநாள் கேட்டார். என் அம்மா, என்றேன். “அப்படியானால் நீ இங்கே வந்ததற்கான செலவைச் சுமப்பது உன் அம்மாதான். இங்கே ஜாஜாக்கள் செய்வதை அங்கே அவர் செய்கிறார்” என்றார். அன்றிரவே அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். அம்மாவுக்கு நலோங்கோவைப் பிடித்துப்போயிற்று.

விமானச் செலவை அப்படியே அந்தக் குழுவுக்கு அனுப்பியிருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. சில வாரம் போய்வர நினைக்கிற, கையில் தொழில் எதுவும் இல்லாத இளைஞர்களுக்கு என் பதில் அதுதான்: போக வேண்டாம், பிள்ளைகளைக் குடும்பத்தோடு வைத்திருக்க உழைக்கும் உள்ளூர் அமைப்புக்குப் பணத்தைக் கொடுங்கள். கையில் ஒரு தொழில் இருந்து, அது வேண்டுமென்று அந்த ஊர்க்காரர்களே அழைத்து, மாதக்கணக்கில் இருக்கவும் முடிந்தால் போகலாம். அப்போதும் குழந்தைகளின் நடுவில் அல்ல, அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருக்கப்போகிற பெண்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

நான் இருந்த ஊரில் இதற்கு ஓர் உதாரணம் இருந்தது: தண்ணீர் தந்த இந்தியா மார்க் 2 வகை அடிபம்பு. 1970களில் யூனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவாகி, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரடாஸ் தொழிற்சாலையில் பெருமளவில் தயாராகத் தொடங்கியது அது. அதை வடிவமைத்தவர்கள் மசாகாவின் எந்தக் குழந்தையையும் தூக்கிக் கொஞ்சியதில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை அந்தக் குழந்தைகளின் குடத்தில் நிறைகிறது. அதுவும் எப்படி? வீட்டுக்கு வீடு காசு வசூலிக்கும் கமிட்டியும், வாஷர் தேய்ந்தால் மாற்றத் தெரிந்த மெக்கானிக்கும் ஊரிலேயே இருப்பதால். இவர்கள் இல்லாத ஊர்களில் அதே பம்பு துருப்பிடித்து நிற்பதையும் பார்த்தேன்.

கடைசிப் பங்கீட்டுக்குப் பிறகு குழுவில் ஒரு புது விவாதம் நடக்கிறது. பங்கின் விலையை 2,000 ஷில்லிங்கிலிருந்து 3,000 ஆக்க வேண்டும் என்கிறார்கள் இளையவர்கள். பெரிய கடனாக எடுத்தால்தான் காப்பி வாங்கி விற்க முடியும் என்பது அவர்கள் வாதம். காப்பி அறுவடை இல்லாத மாதங்களில் ஒரு பங்குகூட வாங்க முடியாமல் போகும் என்று ஜாஜாக்கள் எதிர்க்கிறார்கள். குழுவை இரண்டாகப் பிரித்துவிடலாமா என்று நலோங்கோ யோசிக்கிறாராம். ஆசிரியை வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார். என் கருத்தைக் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுப்பார்கள்.