புயலின் அழகும் பார்ப்பவன் கடனும்

ஐக்கிய அமெரிக்காவின் நடுவே, டெக்சஸ், ஒக்லஹோமா, கன்சஸ் எனப் பரந்து கிடக்கும் சமவெளிகளில் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு விசித்திரமான வேட்டை நடைபெறுகிறது. வேட்டையாடப்படுவது புயல்; கருவி கமரா. மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கின் வறண்ட காற்றும் எங்கே சந்திக்கும் என்று காலையிற் கணித்து, நூற்றுக்கணக்கான மைல் காரோட்டிச் சென்று, ஏதாவதொரு பெற்றோல் நிலையத்தருகே மணிக்கணக்காகக் காத்திருக்கின்றனர். பெரும்பாலான நாட்களில் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். வாய்த்த நாளிலோ, பிற்பகலில் முகில் 15 கிலோமீற்றருக்கும் மேலாக எழுந்து மெல்லச் சுழலும். அதன் அடியிலிருந்து டோர்னாடோ என்னும் சுழல்காற்று இறங்கி நிலத்தைத் தொடும். அதன் பேரழகை நாம் மறுப்பின் பொய் பேசியவராவோம்.

ஆயின் அவ்வழகு யாருக்கு அழகு? படம் எடுப்பவன் பெரும்பாலும் புயலின் தென்கிழக்கே நிற்கிறான். பொதுவாக அது வடகிழக்கே நகரும் என்பதை அவன் அறிவான். காரில் பெற்றோல் இருக்கிறது. தப்பிச் செல்லப் பாதையும் இருக்கிறது. இடையேயுள்ள அந்தச் சில மைல்களே அவனது இரசனைக்கு அடித்தளம். சில்லுகளில் ஏற்றிக் கொணர்ந்து நிறுத்திய, அத்திவாரமற்ற நடமாடும் வீட்டின் சாளரத்தினூடே அதே முகிலைக் காணும் ஏழைத் தொழிலாளிக்கு அவ்விடைவெளி இல்லை. அந்நாட்டு மக்களுட் சிறுபங்கினரே இத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர். டோர்னாடோவுக்குப் பலியாவோருள் அவர்களது பங்கோ மிகப் பெரிது.

இதனைக் கொண்டு, புயலைத் துரத்துவோர் அனைவரையும் பிறர் துன்பத்தில் இன்பம் காண்போர் என ஒதுக்கிவிடலாமா? அது எளிய தீர்ப்பு; நேர்மையான தீர்ப்பன்று. 1973 மே 24 அன்று, ஒக்லஹோமாவின் யூனியன் சிற்றியில் ஆய்வாளர் ஒரு சுழல்காற்றைப் பின்தொடர்ந்து, தோற்றம் முதல் மறைவு வரை படம்பிடித்தனர். டொப்ளர் றேடாரும் அதனைப் பதிவு செய்தது. பின்னர் இரண்டையும் ஒப்பிட்டபோதுதான், காற்று நிலத்தைத் தொடுமுன்பே முகிலினுள் சுழற்சியின் அடையாளம் தோன்றுவது தெரியவந்தது. இன்றைய முன்னெச்சரிக்கையின் வேர்களுள் ஒன்று அது. ரிம் சமராஸ் என்னும் பொறியியலாளரோ, சுழல்காற்றின் பாதையிலேயே கருவிகளை வைத்து அளந்தவர். 2003 இல் தென் டக்கோட்டாவின் மஞ்செஸ்டரில் 100 மில்லிபார் அமுக்க வீழ்ச்சியைப் பதிவு செய்தார். 2013 மே 31 அன்று, எல் ரீனோவில் 4 கிலோமீற்றருக்கு மேல் அகன்ற சுழல்காற்று திசைமாறியபோது, அவரும் மகன் போலும் தோழர் கார்ல் யங்கும் மாண்டனர். பாதுகாப்பான அந்தச் சில மைல்கள் அன்று அவர்களுக்கும் இல்லாது போயின.

ஆதலின், பார்த்தது பின்னர் யாருக்குப் பயன்பட்டது என்றே நாம் கேட்க வேண்டியிருக்கிறது. எல் ரீனோவுக்குப் 11 நாட்கள் முன்னர், மூர் நகரைத் தாக்கிய டோர்னாடோ 24 பேரைக் கொன்றது. பிளாசா டவர்ஸ் ஆரம்பப் பாடசாலையில் 7 சிறுவர் இறந்தனர். அங்கே புயற் புகலறை இருக்கவில்லை. அன்று வானை நோக்கிய கமராக்கள் எத்தனையோ! அடுத்துவந்த நாட்களிற் பொறியியலாளர் இடிபாடுகளிடையே நடந்து, எவரும் சுவரில் மாட்ட விரும்பாத காட்சிகளை ஆராய்ந்தனர்: உள்வளைந்த கராஜ் கதவு, கூரையைப் பிடித்துவைக்கத் தவறிய ஆணி. அத்தகைய ஆய்வின் பயனாக, வீடுகள் மணிக்கு 135 மைல் வேகக் காற்றைத் தாங்கவேண்டுமென 2014 இல் அந்நகரம் விதி செய்தது. புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கே அவ்விதி பொருந்தும். பழைய வீடுகளிலும் நடமாடும் வீடுகளிலும் வாழ்வோரை அது தொடவில்லை.