ஆற்று முகத்தில் இறங்கும் முஸாபிர்கள்



2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த வெள்ளத்தை நம் வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. கடைகளில் சரக்கு அழிந்தது. ஆகவே ஆற்றைத் தூர்வாருங்கள், கரையை உயர்த்துங்கள் என்று நாம் கேட்பது முற்றிலும் நியாயமே. உயிரையும் பொருளையும் காப்பது மார்க்கம் விதித்த கடமையல்லவா?

ஆனால், அந்த ஆற்றின் மீது ஹக்குடையவர்கள் நாம் மட்டுமல்லர்.

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் 1909 முதல் ஜாமிஉ பள்ளிவாசல் நிற்கிறது. அங்கிருந்து ஓடும் நீர் கிள்ளானைக் கடந்து, அலையாத்திக் காடுகளும் சேற்றுத் திட்டுகளும் நிறைந்த முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. செப்டம்பர் பிறந்தால் சைபீரியாவிலிருந்தும் ரஷ்யாவின் கீழைக் கோடியிலிருந்தும் பறவைகள் அந்தக் கரையோரம் வந்திறங்கும். நீர் வற்றும்போது சேற்றில் புழுவும் சிப்பியும் பொறுக்கும். நீர் ஏறும்போது காப்பார் மின்நிலையத்துச் சாம்பல் குளங்களில் ஒதுங்கும். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும். கோடியக்கரையை அறிந்த நாகூர்க்காரர்களுக்கு இது புதுக் காட்சியன்று. இவற்றுள் பெரிய உள்ளானும், நீண்டு வளைந்த அலகுள்ள கீழைக் கர்லியூவும் 2015 முதல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களாக உலகப் பட்டியலில் இருக்கின்றன.

இப்பறவைகளின் இனத்தாராகிய பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் இறங்காமல் பறந்தது. வானில் சிறகு விரித்த பறவைகளைத் தாங்கி நிற்பவன் யார் என்று திருமறை நம்மைச் சிந்திக்கச் சொல்வது வீணுக்கல்ல.

ஒரு பிரயாணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, இதன் குஞ்சுகளைப் பறித்து இதை வருத்தியது யார் என வினவி, திருப்பிக் கொடுத்துவிடும்படி பணித்தார்கள் என்பது ஹதீஸ். தோழர்களுக்குத் துன்புறுத்தும் எண்ணம் கிடையாது. அப்படியிருந்தும் அந்தத் தவிப்புக்கு மதிப்புத் தந்தார்கள் ரஹ்மத்துன் லில் ஆலமீன்.

"இங்கில்லாவிட்டால் அவை வேறிடம் போகட்டுமே" என்பார் உண்டு. தென்கொரியாவின் சேமங்கும் முகத்துவாரத்தை 2006இல் 33 கிலோமீட்டர் கடற்சுவர் கட்டி அடைத்தார்கள். அங்கே இளைப்பாறிய பெரிய உள்ளான்கள் வேறிடம் சென்று பிழைத்துக்கொள்ளவில்லை. அவற்றின் தொகையே சரிந்தது. கடை வாடகை போனால் அடுத்த தெருவில் கடை பிடிக்கும் வழி நமக்குண்டு, அவற்றுக்கில்லை.

எனவே தூர்வாரும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. முகத்துவார வேலைகளை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முடிக்கலாம். அப்போது பறவைகளில் பெரும்பாலானவை இங்கிரா. இவ்வட்டாரத்தில் மழையும் குறைவு. வேலை செய்வோருக்கும் சௌகரியம். வாரிய சேற்றைத் திட்டுகளின்மீது கொட்டினால் புழுவும் சிப்பியும் புதைந்துபோம். அதற்கு வேறிடம் தேவை. கரை கட்டுவதற்காக அலையாத்தியை வெட்டுவது, கடலலையைத் தடுக்கும் வேலியைப் பிடுங்குவதற்கொப்பாகும். லாரியும் கல்லும் மணலும் தந்து ஒப்பந்தத்தில் பங்கு பெறும் நம்மவர்கள், கையொப்பமிடுமுன் இம்மூன்றையும் கேட்டறிய வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டமும் நாட்டில் உண்டு.

மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உணவுக்கடை நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. தராசில் ஒரு மணியெடை குறையவும் அஞ்சும் நம்மில் சிலர், பழைய எண்ணெயையும் பிளாஸ்டிக்கையும் கால்வாயில் தள்ளக் கூசுவதில்லை. அந்தக் கால்வாய் கிள்ளான் ஆற்றில் சேர்கிறது. ஆறு அந்தச் சேற்றில் சேர்கிறது. காலையில் பசித்துச் சென்று மாலையில் நிறைந்து திரும்பும் பறவையை ரிஸ்குக்கு உவமையாக நாயகம் காட்டியிருக்க, அதன் இரைமீது நம் கழிவு போய் விழலாமா?

விடுமுறையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குச் செல்வோர், நீர் ஏறிய வேளையில் ஒதுங்கியிருக்கும் கூட்டத்தைக் கைதட்டிக் கிளப்ப வேண்டாம். திரும்பும் பயணத்துக்கு உடலில் சேர்த்த கொழுப்பு ஒவ்வொரு கிளப்பலிலும் வீணே கரைகிறது.